ஹாக்கிப் பையைத் திறந்தால் "கப்"பென்று அடிக்கிறதா?

"எலே, அந்தப் பையைத் திண்ணையிலேயே போட்டுட்டு வா. உள்ள கொண்டாந்தேன்னா பாத்துக்க!"

புளியறை, செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஹாக்கி விளையாடுகிற பிள்ளை உள்ள வீடுகளில் சாரல் சீசன் வந்தால் ஆச்சியின் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. ஆச்சி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஜிப்பை இழுத்த மாத்திரத்தில் ஊறிய துணி, புளித்த மோர், செத்த எலி எல்லாம் கலந்த மாதிரி ஒரு வாடை! பையன் என்னமோ பழகிப்போய் சாவகாசமாக நிற்பான். வீட்டில் மற்றவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவேண்டும்.

நம் பக்கத்தில் ஹாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோவில்பட்டி. 'ஹாக்கிப்பட்டி' என்றே செல்லமாகச் சொல்வார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஸ்டிக் வாங்கித் தாங்கப்பா" என்று கேட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் கோவில்பட்டி கரிசல் காடு. அங்கே கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். புளியறை அப்படியா? ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை ஈரத்தைச் சுமந்துகொண்டேதான் வரும். குற்றாலத்தில் அருவி கொட்டும்போது ஊரெல்லாம் குளுகுளு என்றிருக்கும். நமக்கு சந்தோஷம்தான். துவைத்த துணிக்கு? மூன்று நாளானாலும் 'சவசவ' என்று கிடக்கும். பஞ்சும் ஃபோமும் வைத்துத் தைத்த ஹாக்கி சாமான்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

பாவம், வியர்வையைத் திட்டுகிறோம். புதிதாகச் சுரக்கிற வியர்வைக்கு அனேகமாக வாடையே கிடையாது. தோலில் எப்போதும் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அந்த வியர்வையையும், உதிர்ந்த தோல் துணுக்குகளையும் தின்று ஜீரணித்துக் கழிக்கிறதே, அந்தக் கழிவுதான் நாறுகிறது. கால் நாற்றத்துக்கு முக்கியக் காரணம் ஐசோவலேரிக் அமிலம். ஊசிப்போன பாலாடைக்கட்டியிலும் இதே சரக்குதான்! உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. அதன்மேல் சாக்ஸ், ஷூ, ஷின்கார்டு என்று மூடி இறுக்கிக் கட்டினால் பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து.

இதில் ஒரு முக்கியமான சங்கதி. கிருமிக்குச் சாப்பாடு வியர்வை என்றால், அது உயிரோடு பெருக ஈரம் வேண்டும். காய்ந்த பொருளில் அதன் ஆட்டம் செல்லாது. ஆகவே எந்த மருந்துத் தண்ணீரையும்விட, 'ஆடி முடித்தவுடனே காயப்போடு' என்பதுதான் இங்கே முதல் வைத்தியம். சென்ட்டும் பவுடரும் பையில் கொட்டுவது குப்பைத் தொட்டிக்குப் பூமாலை போடுகிற கதைதான்.

வாடை மட்டுமா பிரச்னை?

வாடையோடு போனால் பரவாயில்லையே! ஈரச் சாக்ஸில் ஊறிய கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். தொடை இடுக்கிலும் இடுப்பு எலாஸ்டிக் பட்டை அழுத்தும் இடத்திலும் படர்தாமரை வட்டம் வட்டமாகப் படரும். உள்ளங்காலில் ஊசியால் குத்தினமாதிரி சின்னச் சின்னக் குழிகளோடு நாற்றமும் சேர்ந்து வந்தால் அது இன்னொரு பாக்டீரியா வேலை. டர்ஃபில் விழுந்து முட்டி சிராய்த்த இடத்தில் அழுக்கு கார்டு உரசினால் சீழ்க்கட்டி வரலாம்.

படர்தாமரை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல், பையனோ பெண்ணோ மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாய்க் கலந்த களிம்பு அது. இரண்டே நாளில் அரிப்பு 'டக்'கென்று நிற்கும். "நல்ல மருந்து" என்று தோழர்களுக்கும் சிபாரிசு செய்வார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறதே தவிர, பூஞ்சை உள்ளுக்குள்ளே நிம்மதியாய்ப் படரும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாய்த் திரும்பி வரும், தோலும் மெலிந்துபோகும். இந்தியாவில் இப்போது பரவியிருக்கிற ஒருவகைப் படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வழக்கமாகக் கொடுக்கிற டெர்பினாஃபின் மருந்துக்கு அது பல நேரம் அசைந்து கொடுப்பதில்லை. ஆகவே வட்டமாய்த் தடித்து அரித்தால் நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள். தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம் என்று பரீட்சை பார்க்கவேண்டாம்.

துணியிலும் துண்டிலும் இந்தப் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அண்ணன் துண்டைத் தம்பி எடுத்தால் அவனுக்கும் வரும். வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள தாத்தா இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அவருக்குக் காலில் ஒரு சின்ன வெடிப்பு வந்தாலே பெரிய தொல்லை.

எதை எப்படிக் கழுவுவது?

முதலில் சாமான்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் தாங்குவது ஒரு பக்கம், தாங்காதது மறுபக்கம்.

துண்டு, பருத்தி உள்ளாடை, பருத்தி சாக்ஸ் இவை தாங்கும். பூஞ்சை வித்து சாக வேண்டுமானால் தண்ணீர் 60 டிகிரி வரைக்கும் சூடாக இருக்கவேண்டும். கை வைக்க முடியாத சூடு அது. சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, ஆறியபிறகு அலசுங்கள். சாக்ஸை உள்புறம் வெளியே வருகிறமாதிரி திருப்பிப் போட மறக்காதீர்கள், அழுக்கு அங்கேதான் இருக்கிறது. நைலான் சாக்ஸுக்கு இவ்வளவு சூடு ஆகாது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் துவைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். தினமும் ஒரு ஜோடி என்று மாற்றிப் போடுகிற அளவுக்கு வாங்கிவைப்பது நல்லது.

ஷின்கார்டில் துணி உறையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துவையுங்கள். கழற்ற முடியாவிட்டால் பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுக்க வேண்டும். நுரை மிச்சமிருந்தால் அதுவே வியர்வையோடு கலந்து தோலை அரிக்கும்.

கையுறையும் கோலியின் மார்புக் கவசமும் பஞ்சும் துணியுமாய் இருப்பதால் வியர்வையைக் குடித்து வைத்திருக்கும். ஒரு பெரிய வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், இரண்டு ஸ்பூன் சோப்புத் திரவம். இருபது நிமிஷம் ஊறட்டும். கசக்கலாம், ஆனால் முறுக்கிப் பிழியவே கூடாது. உள்ளே இருக்கிற ஃபோம் முறிந்துவிடும். உலர்ந்த துண்டில் சுருட்டி அமுக்கினால் பாதித் தண்ணீர் போய்விடும். வாஷிங் மெஷினில் போடலாமா என்று கேட்பார்கள். கம்பெனி லேபிள் அனுமதித்தால் மட்டும் போடலாம். வெல்க்ரோ பட்டைகளை ஒட்டிவிட்டு, வலைப்பையில் போட்டு, பச்சைத் தண்ணீரில். ட்ரையர் வேண்டவே வேண்டாம்.

கோலியின் கால் பேடும் கிக்கரும் கெட்டியான ஃபோம். தண்ணீர் உள்ளே அவ்வளவாக இறங்காது. அதனால் முக்கி எடுக்கவேண்டாம், ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். ஹெல்மெட்டின் உள் மெத்தையைக் கழற்றித் துவைத்து, ஓட்டைச் சோப்புத் துணியால் துடையுங்கள். கறை போகவில்லையே என்று தின்னரோ பெட்ரோலோ தொட்டுவிடாதீர்கள்! பிளாஸ்டிக் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அப்புறம் அந்த ஹெல்மெட் பந்தை எப்படித் தாங்கும்? முகக் கம்பியைத் துருப்பிடிக்காமல் துடைத்து வையுங்கள்.

பல் கவசத்துக்கு பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெந்நீர் பட்டால் வடிவம் மாறிப் பல்லில் உட்காராது. ஓட்டை போட்ட டப்பாவில் வைக்கவேண்டும். அதை ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவது, சொல்லவே வேண்டாம், கூடவே கூடாது.

ஷூவில் லேஸையும் உள் அட்டையையும் உருவிவிடுங்கள். தண்ணீர் தெளித்து ஆடும் டர்ஃப் மைதானங்களில் வெயில் காலத்திலும் ஷூ நனைந்துதான் வரும். பழைய தினசரிப் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தால் ராத்திரிக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பிளந்துகொள்ளும்.

சமையல் சோடாவும் வினிகரும்

இவ்வளவுக்குப் பிறகும் வாடை மிச்சமிருந்தால் சமையலறையில் மருந்து இருக்கிறது. ஐசோவலேரிக் அமிலம், பெயரிலேயே அமிலம். சமையல் சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் வாடை அடங்கும். காய்ந்த ஷூவுக்குள்ளும் கையுறைக்குள்ளும் ஒரு ஸ்பூன் தூவி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தட்டிக் கொட்டிவிடுங்கள். இன்னொரு வழி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து லேசாகத் தெளித்துக் காயவிடுவது. ஊறுகாய் வாடை காய்ந்ததும் போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து 'புஸ்' என்று நுரை வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான்.

ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். பட்டையும் தையலும் இற்றுப்போகும். அதோடு வினிகரோ டாய்லெட் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ரச கற்பூர உருண்டையும் (அந்துருண்டை என்போமே, அதுதான்) பையில் போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். நாஃப்தலீன் வாசம் பட்டாலே அவர்களுக்கு ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். சாம்பிராணிப் புகை போட்டால் வீடு மணக்கும், வாஸ்தவம். ஆனால் அது கிருமியைக் கொல்வதுமில்லை, ஈரத்தை உறிஞ்சுவதுமில்லை. இழுப்பு உள்ள பிள்ளைக்கு இருமல்தான் மிச்சம்.

சாரலில் காயவைப்பது

வெயில் எட்டிப் பார்த்தால் அரைமணி வெளியே வைத்துத் திருப்பிப் போடுங்கள். நாள் பூரா வெயிலில் கிடந்தால் ஃபோம் வறண்டு கெட்டியாகும். வெயிலே இல்லையென்றால்? புளியறைக்காரர்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லையே! ஈரக்காற்றாய் இருந்தாலும் ஓடுகிற காற்று, பூட்டின அறையைவிட நன்றாகக் காயவைக்கும். கூரைக்குள் சாரல் அடிக்காத வராந்தாவில், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். ராத்திரியில் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டால் போதும். குவித்துப் போட்டுவிட்டு "காயவே மாட்டேங்குதே" என்று அலுத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை.

பள்ளிக்கூட அணிகளில் இன்னொரு சிக்கல். கோலி சாமான் பல ஆயிரம் ரூபாய் என்பதால் ஒரே ஒரு செட்டுதான் இருக்கும். அதையே மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுவார்கள். படர்தாமரையும் பேனும் கைமாற இதைவிட வசதி வேண்டுமா? உங்கள் பிள்ளை கோலி என்றால், ஹெல்மெட்டுக்குள் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துணியும், கையுறைக்குள் போட மெல்லிய பருத்தி உறையும், முழுக்கை பனியனும் கொடுத்தனுப்புங்கள். இவற்றைத் தினமும் வெந்நீரில் துவைக்கலாம். உடற்கல்வி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, ஆட்டம் முடிந்ததும் செட்டை ஸ்டோர் ரூம் இருட்டில் பூட்டாமல் விரித்துவைக்கச் சொல்லுங்கள். காயம் சிவந்து சூடாகி வீங்கினாலோ, சீழோடு காய்ச்சல் வந்தாலோ "ஆட்டம் முடியட்டும்" என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும்.

நிறைய வீடுகளில் சாமானைக் கழுவுவார்கள், பையை மறந்துவிடுவார்கள். கழுவிக் காய்ந்ததை அழுக்குப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டால் பட்டபாடெல்லாம் வீண். மாதம் ஒருமுறை பையை உதறி, உள்புறத்தை வெளியே திருப்பிச் சோப்புத் துணியால் துடைத்துக் கவிழ்த்துப் போடுங்கள். பஸ்ஸில் வரும்போது ஈரச் சாக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு அடைக்காமல் துணிப்பையில் தனியாக வைக்கட்டும். வீட்டுக்கு வந்தவுடனே, காப்பி குடிப்பதற்கு முன்னாலேயே, ஜிப்பைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.