சிவப்புத் தொட்டிக்குள் என்ன தேடுகிறார்கள்?

நசரத்பேட்டையில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன சிஎன்சி பட்டறை நடத்துகிறேன். 1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. அதன்பின், ஆர்டர் கொடுக்கும் முன் பட்டறையைப் பார்க்க வருகிறவர்களும் பல தேசத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். விலையில் எல்லாருமே கறார்தான். விலைக்கு முன்னால் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அம்பத்தூர் எஸ்டேட் முதலாளி டீயைக் கையில் வாங்கியதுமே, "வேற யாருக்குப் பண்றீங்க?" என்பார். நாம் சொல்லும் பெயருக்கு அன்று மாலையே போன் போய்விடும். அங்கே நல்ல வார்த்தை வந்தால் பாதி ஆர்டர் கையில்.

ஜப்பானியர் ஆபீஸ் அறையில் உட்காரவே மாட்டார். நேராக மெஷினுக்கு. ஒருவர் ரிஜெக்ஷன் போடும் சிவப்புத் தொட்டியில் கைவிட்டு ஒரு புஷ்ஷை எடுத்தார். "இதை ஒதுக்கியது யார், எப்போது?" கேள்வி எனக்கல்ல, ஆபரேட்டருக்கு. டூல் தேய்ந்து உள்விட்டம் குறைந்துவிட்டது என்றான் பையன். எத்தனை பீஸுக்கு ஒருமுறை டூல் மாற்றுவாய், அதை எங்கே எழுதிவைத்திருக்கிறாய் என்று அடுத்தடுத்துக் கேள்வி. ஆடிட் வருகிறதென்று தொட்டியைக் காலி செய்து வைக்காதீர்கள். காலித் தொட்டியைப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும். முடிவு சொல்ல மாதக்கணக்காகும். சொன்னபின் ஐந்து பைசாவுக்காக ஆளை மாற்ற மாட்டார்கள். இந்தத் தர ஒழுங்கு ஜப்பான் ரத்தத்தில் ஊறியது என்றும் நினைக்க வேண்டாம். நம்ம பாடி சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை 1998-லேயே வாங்கியிருக்கிறது.

கொரியாக்காரருக்கு வேகம். சாயங்காலம் டிராயிங் வரும், சாம்பிள் எப்போது என்று ராத்திரியே போன் வரும். "பார்க்கலாம் சார்" என்று இழுக்காதீர்கள், தேதி சொல்லுங்கள். முடியாதென்றால் அதையும் உடனே சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு முதலில் காகிதம். வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரச் சான்றிதழ், பிபிஏபி என்ற உதிரிபாக ஒப்புதல் ஃபைலின் 18 அம்சங்கள், மெட்டீரியல், மெஷின் நேரம் என்று பிரித்துப் போட்ட கொட்டேஷன். ஃபைல் சரியில்லையென்றால் பட்டறைப் பக்கமே வர மாட்டார்கள்.

அவர்கள் நம்மை எடைபோடும்போது நாமும் அவர்களை எடைபோட வேண்டும். உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சிடுங்கள். 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. 90 நாள் கேட்பவர் எந்த ஊர்க்காரரானாலும் அந்த ஆர்டர் வேண்டாம்.