மைலேஜைத் தின்னும் சாலைகள்

வண்டி மைலேஜ் தரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகிறோம், ஓட்டுநரைக் கடிந்துகொள்கிறோம். சாலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால், எரியப்போகும் டீசலில் ஒரு பங்கு, சாலைக்கு வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிறது.

நம்பிக்கை: எரிபொருள் செலவு எஞ்சினையும் ஓட்டுபவரையும் மட்டுமே பொறுத்தது.

உண்மை: சமதளத்தில் ஒரு காரை உருட்டிச் செல்ல, அதன் எடையில் ஏறத்தாழ 1 சதவீத விசை போதும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலை, இன்னொரு பங்கு அதே விசையைக் கேட்கும். கண்ணுக்கே தெரியாத ஏற்றம் அது. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இறக்கம் செங்குத்தாக இருந்தால் அதுவும் பிரேக் சூட்டில் போய்விடும். மலைப்பாதையைச் சுற்றி வளைத்து, மெல்ல ஏறும்படி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: ஒரு வேகத்தடையைத் தாண்ட என்ன பெரிதாகச் செலவாகிவிடும்?

உண்மை: ஆட்களோடு 15 டன் எடையில் வரும் பேருந்தைக் கவனியுங்கள். 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு இறங்குகிறது. கியர் இரண்டுக்கு வருகிறது. முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரமும் தாண்டியபின், உறுமிக்கொண்டு மறுபடி வேகமெடுக்கிறது. பிரேக்கில் இழந்த ஆற்றலை மீட்க மட்டும் சுமார் 100 மில்லி டீசல் வேண்டும். பத்துத் தடைகளுக்கு ஒரு லிட்டர்!

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கட்டாயம் வேண்டும். அங்கே டீசல் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் அதற்கு அளவு இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 நெறிமுறை சொல்வது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப்பட்ட தடையை 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் தாண்டலாம். நடந்து செல்பவருக்கும் ஆபத்து குறைவு. மிச்சத் தாரைக் குவித்து, வெள்ளைக்கோடு கூடப் போடாமல் எழுப்பும் குறுகிய மேடோ வண்டியை நிறுத்தியே விடுகிறது. இடுப்பெலும்பும் டீசலும் சேர்ந்து நஷ்டம்.

நம்பிக்கை: சிக்னல்தான் முன்னேற்றம், ரவுண்டானா பழைய ஏற்பாடு.

உண்மை: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கார்மல் நகரம், 1990-களின் பிற்பகுதியிலிருந்து சிக்னல்களை எடுத்துவிட்டு 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களைக் கட்டியது. அங்கே வண்டி மெதுவாகிறதே தவிர, ஆளில்லாத சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பதில்லை. ஒரே நிபந்தனை, உள்ளே சுற்றுபவருக்கே முதல் வழி. பிரிட்டன் 1966-லேயே இதை விதியாக்கியது. வாகனங்கள் மிக அதிகமான சந்திப்புக்கு ரவுண்டானா தாங்காது. அங்கே அடுத்தடுத்த சிக்னல்கள் வரிசையாகப் பச்சை காட்டும்படி இணைக்க வேண்டும்.

நம்பிக்கை: சாலையை அகலப்படுத்தினால் நெரிசலும் செலவும் தீரும்.

உண்மை: ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலை 2008-இல் விரிவாக்கப்பட்டது. அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பிவிட்டது. புதிய தடம் புதிய வண்டிகளை அழைத்து வருகிறது.

நம்பிக்கை: மோசமான சாலையால் டயருக்கும் முதுகுக்கும்தான் கேடு.

உண்மை: அமெரிக்கத் தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தின் 2012 அறிக்கைப்படி, சாலையின் மேடுபள்ளக் குறியீடு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடினால், கார் குடிக்கும் எரிபொருள் சுமார் 2 சதவீதம் கூடும். ஒட்டுப்போடும் வேலையை ஒத்திப்போடுவது சிக்கனமல்ல. அந்தச் செலவை வாகன ஓட்டிகளின் தலையில் கட்டுவது.

சாலை மதிப்பீட்டில் ஜல்லி, தார், கூலி எல்லாம் இருக்கின்றன. அந்தச் சாலையில் பல ஆண்டுகள் எரியப்போகும் எரிபொருளுக்கும் அதில் ஒரு வரி வேண்டும். அடுத்த கிராமசபைக்கோ வார்டு கூட்டத்துக்கோ போகும்முன், உங்கள் தெரு வேகத்தடையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 10 செ.மீ.-க்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.