மின் துவிச்சக்கர வண்டியும் நெடுந்தூரத் தொழிற்பயணமும்

வாழும் ஊரும் உழைக்கும் ஊரும் ஒன்றாயிருந்த காலம் மறைந்து நெடுநாளாயிற்று. வடமராட்சியில் வீடும் யாழ்ப்பாண நகரில் அலுவலும் உடையோர் நம்மிடையே பலர். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயுள்ள தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். இதனை நாள்தோறும் இருமுறை துவிச்சக்கர வண்டியிற் கடத்தல் இளைஞர்க்கும் அரிது. வயது நாற்பதைத் தாண்டியோர்க்கு மிக அரிது. ஆதலின் பேருந்தையோ மோட்டார்ச் சைக்கிளையோ நாடுகின்றோம். 2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவையினர் தவிர்ந்த ஏனையோர்க்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, இவ்வழக்கம் எத்துணைப் பலவீனமானது என்பதை யாவரும் உணர்ந்தோம். இடர்ப்பாடு நீங்கியதும் அவ்வுணர்வும் நீங்கிவிடுதல் நன்றன்று. எனவே, இத்தகைய தூரத்தை எடை குறைந்த மின் துவிச்சக்கர வண்டியினாற் கடக்க இயலுமா என்பதைக் கணக்கிட்டு ஆராய்வோம்.

இவ்வண்டியின் தத்துவம் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. 1990களின் முற்பகுதியில், போரின் காரணமாகக் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாதொழிந்தபோது, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, விளக்குக்கான டைனமோவிலிருந்து பெற்ற மின்னினால் வானொலி கேட்டோர் நம்முள் உளர். அங்கே உடலின் உழைப்பு மின்னாக மாறிற்று. அதே செயலை மறுதலையாக நிகழ்த்தினால் மின் உழைப்பாக மாறும்; டைனமோவின் இடத்தில் மோட்டார் நிற்கும். காந்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள இவ்விருவழி உறவை மைக்கேல் பரடே 1821, 1831ஆம் ஆண்டுகளிற் செய்த பரிசோதனைகள் உலகுக்குக் காட்டின.

பின்சில்லின் குடத்தில் மோட்டார் பொருத்திய துவிச்சக்கர வண்டிக்கு, அமெரிக்கரான ஒக்டன் போல்ற்றன் என்பார் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் அக்கருத்து ஒரு நூற்றாண்டளவும் பெரும் பயன் தராது கிடந்தது. அக்காலத்து ஈயப் பற்றரியின் பாரமே அதற்குத் தலையாய காரணமாகும். ஒரு கிலோகிராம் ஈயப் பற்றரி ஏறத்தாழ 30 உவாற்று மணிச் சக்தியையே தாங்கும். 1991இல் ஜப்பானிய நிறுவனமான சோனி விற்பனைக்குக் கொணர்ந்த இலிதியம் அயன் பற்றரி இந்நிலையை மாற்றிற்று. இன்றைய இலிதியப் பற்றரித் தொகுதி ஒன்று கிலோகிராமுக்கு 150 உவாற்று மணியளவு தாங்கவல்லது. இப்பற்றரிக்கு அடிகோலிய கூடினஃப், விற்றிங்காம், யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிதிப்பவரின் விசையை அளந்து அதற்கேற்பத் துணைபுரியும் மோட்டார் வண்டியை யமகா நிறுவனம் 1993இல் விற்பனைக்கு விட்டது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்ததன் பயனே இன்றைய வண்டி.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஓட்டுநரின் எடை 70 கிலோகிராம், வண்டியும் பையும் 20 கிலோகிராம் எனக் கொள்வோம். பாதை சமதரை, காற்று இல்லை. ஓட்டுநர் நிமிர்ந்து அமர்ந்து செல்கின்றார். அவரைத் தடுப்பன இரண்டு: சில்லு தரையில் உருள்வதால் எழும் தடை ஒன்று, முன்னின்று தள்ளும் காற்றின் தடை மற்றொன்று. முன்னையது வேகத்தால் அதிகம் மாறாது. பின்னையதோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லுதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காகும்.

இவ்விதிப்படி, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல ஏறத்தாழ 90 உவாற்று வலு வேண்டும். 25 கிலோமீற்றருக்கு 160. 30 கிலோமீற்றருக்கு 250. 40 கிலோமீற்றருக்கோ 550. வேலைக்குச் செல்லும் ஒருவர் களைப்பின்றியும் உடை நனைய வியர்க்காதும் நெடுநேரம் தரக்கூடியது 75 உவாற்று எனக் கொள்ளலாம். எஞ்சியதை மோட்டார் தருதல் வேண்டும். பற்றரியிலிருந்து எடுக்கும் சக்தியில் முக்காற் பங்கே சில்லைச் சென்றடையும் என்பதையும் சேர்த்துக் கொள்வோம்.

32 கிலோமீற்றர் தூரத்துக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க 96 நிமிடம் ஆகும். பற்றரியிற் செலவாவது ஏறத்தாழ 35 உவாற்று மணி. 25 கிலோமீற்றர் வேகத்தில் 77 நிமிடம்; செலவு 140. 30 கிலோமீற்றர் வேகத்தில் 64 நிமிடம், செலவு 250. முதல் 19 நிமிடத்தை மிச்சம்பிடிப்பதற்கு நான்கு மடங்கு சக்தி கொடுக்கின்றோம். அடுத்த 13 நிமிடத்துக்காக மேலும் 110 உவாற்று மணி கொடுக்கின்றோம். தூரத்தைக் கடப்பதற்குப் பெரிய பற்றரியே வழியென்று எண்ணுவோர் இக்கணக்கை நோக்குவாராக. வேகத்தைச் சற்றே அடக்குபவர்க்குச் சிறிய பற்றரியே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, மோட்டாரின் தொடர்வலுவை 250 உவாற்றுக்கு மேற்படாமலும், மணிக்கு 25 கிலோமீற்றரில் அதன் துணை நின்றுவிடுமாறும் வரையறுத்திருத்தல் இவ்வகையிற் பொருத்தமானதே.

25 கிலோமீற்றர் வேகத்திற் போய்வர 280 உவாற்று மணி வேண்டும். 360 உவாற்று மணி கொண்ட, இரண்டரைக் கிலோகிராம் அளவான பற்றரி இதற்குப் போதும். அதே சக்தியை ஈயப் பற்றரியிற் சுமப்பதாயின் 12 கிலோகிராம் ஆகும். 280 உவாற்று மணியை மீண்டும் ஏற்றுதற்குச் செலவாகும் மின்சாரம், 60 உவாற்று மின்விசிறி ஒன்று ஐந்து மணிநேரம் சுழல்வதற்குச் செலவாவதே. ஒரு இலீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தியோ ஏறத்தாழ 9,000 உவாற்று மணி. இலீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார்ச் சைக்கிள் இதே பயணத்துக்கு 11,000 உவாற்று மணிக்கு மேற் செலவிடும்.

ஆயினும் குடாநாட்டின் பாதை சமதரையாயினும் காற்றில்லாததன்று. வல்லை வெளியைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுமாயின், 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதற்கே 220 உவாற்று வேண்டும். காற்றில்லாதபோது வேண்டியதில் இஃது இரண்டு மடங்கினும் அதிகம். வழிமுழுவதும் அவ்வாறு வீசினால் ஒருவழிப் பயணத்துக்கே 300 உவாற்று மணி கரையும். சோளகக் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து நகருக்கு வருவோர் காலையில் அதனை எதிர்கொள்வர். மாலையில் அதே காற்று முதுகிலிருந்து தள்ளும். வாடைக் காலத்தில் இது மறுதலையாகும். எனவே, காற்று மிகுந்த நாளில் வேகத்தை மேலும் குறைத்தலும், அலுவலகத்திற் பற்றரிக்கு மின்னேற்ற இடம் பெற்றிருத்தலும் விவேகமாகும்.

வண்டியின் எடை பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. எடையைப் பத்துக் கிலோகிராம் குறைத்தால் பற்றரி நெடுந்தூரம் ஓடுமெனப் பலர் கருதுவர். சமதரையில் 25 கிலோமீற்றர் வேகத்தில் அக்குறைப்பினாற் கிடைக்கும் இலாபம் நான்கு உவாற்றளவே. எடை குறைதலின் உண்மைப் பயன் வேறு. மோட்டார் வண்டிகளுட் பல 22 முதல் 25 கிலோகிராம் நிறையுடையன. பற்றரி தீர்ந்தால் அவற்றை மிதித்து வீடு சேர்தல் பெருந் துன்பம். 15 கிலோகிராம் அளவான வண்டியோ, மோட்டார் நின்றபின்னும் சாதாரண துவிச்சக்கர வண்டியாகவே நடக்கும்; படியில் தூக்கலாம், புகைவண்டியிலும் ஏற்றலாம். எடை குறைந்த வண்டியை வாங்குவோர் பெறுவது, இயந்திரம் கைவிட்ட நேரத்திலும் தம் கால்களை நம்பி வீடு திரும்பும் சுதந்திரமே.

பற்றரியைப் பேணுதலும் கற்கவேண்டியதே. கடும் வெயிலில் வண்டியை நிறுத்தல், முற்றாகத் தீரவிட்டு நெடுநாள் வைத்தல், முழுதும் ஏற்றிய நிலையில் வாரக்கணக்கில் வைத்தல் ஆகியவை அதன் ஆயுளைக் குறைக்கும். உரிய மின்னேற்றியன்றிப் பிறிதொன்றைப் பயன்படுத்தலும், அடிபட்டு வீங்கிய பற்றரிக்கு மின்னேற்றுதலும் தீவிபத்துக்கு இடமாகும்.

வண்டி மட்டும் போதாது, பாதையும் வேண்டும். டென்மார்க்கில், கோப்பன்கேகன் நகரையும் அல்பேட்சுலுண்டையும் இணைக்கும் நெடுந்தூரத் துவிச்சக்கர வண்டிப் பாதை 2012இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்தில் ஆனெம், நைமேகன் நகரங்களுக்கிடையே அத்தகைய பாதை 2015இல் திறக்கப்பட்டது. ஜேர்மனியில் 2023இல் விற்பனையான துவிச்சக்கர வண்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவை மின்துணை கொண்டவை. நமது வீதிகளிலோ இவ்வண்டியினர் பேருந்துக்கும் பாரவண்டிக்கும் ஒதுங்கியே செல்லல் வேண்டும். வீதி அமைப்போராயும் நிருவாகிகளாயும் உயர்ந்துள்ள எமது பழைய மாணவர்கள் இதனைச் சிந்திப்பாராக. வீதியோரத்தில் ஒரு மீற்றர் அகலமேனும் தூய்மையாகவும் மேடு பள்ளமின்றியும் இருக்குமாயின் பலரின் உயிர் காக்கப்படும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி தந்து முடிப்போம். உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள்ள தூரத்தை அளந்து, மேற்கூறிய மூன்று வேகங்களிலும் பற்றரியின் செலவைக் கணித்துப் பாருங்கள். தூரம் ஆறு, ஏழு கிலோமீற்றருக்குட்பட்டதாயின் உங்கள் கணக்கு மோட்டாரே வேண்டாமென்று விடைதரக்கூடும். அவ்விடை கிடைத்தவர் தம் பழைய துவிச்சக்கர வண்டிக்கு எண்ணெயிட்டுக் காற்றடித்து வைத்துக்கொள்வாராக. நெடுந்தூரம் செல்லும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மோட்டாரின் துணை தக்கதென்பதை அதே கணக்கு காட்டும்.