அப்பாவுக்கு எடை குறைந்த துப்பாக்கி

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. செம்பனைத் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றிகளை விரட்ட லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறார். இப்போது அதைத் தூக்கவே சிரமப்படுகிறார். எடை குறைந்த ஒன்றை வாங்கலாமா, நாமே செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகர், குளுவாங், ஜொகூர்

பதில்: செய்கிற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பது கடுங்குற்றம். மாற்றுத் துப்பாக்கி வாங்கவும் போலீஸ் அனுமதி முதலில் வேண்டும். பன்றி வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாக வேண்டும். அப்பாவின் லைசன்ஸ் அவருக்கு மட்டுமே. நீங்கள் எடுத்துச் சுட முடியாது.

எடை குறைந்தால் உதை கூடும் என்பதையும் மறக்காதீர்கள். அதே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் தோள்பட்டைதான் அடி வாங்கும். 12 போருக்குப் பதில் 20 போர் பாருங்கள். குழல் விட்டம் 18.5 மில்லிமீட்டரிலிருந்து 15.6 ஆகக் குறைகிறது. துப்பாக்கியும் பொதுவாக இலகு, தோட்டாவில் ஈயமும் குறைவு. அதனால் பன்றியை இன்னும் கிட்டத்தில் வைத்தே சுட வேண்டும்.

சில வேளை புதிய துப்பாக்கியே தேவைப்படாது. தோளில் பதியும் கட்டையின் நீளத்தை உரிமம் பெற்ற கடையில் சரிசெய்து, தடித்த ரப்பர் பட்டை பொருத்தினாலே சிரமம் ஓரளவு குறையலாம். அகலமான தோள்வார் நடையை எளிதாக்கும்.

முதலில் அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் பன்றியா, வேலைக்குப் போகும் ஆளா என்று பிரித்தறிய முடியாவிட்டால், துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு மின்வேலி போடுங்கள். அப்பாவிடம் அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.