மார்கழியில் வண்டி எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி முடித்துவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்துவிட்டது. ஆடலூரில் கிளம்பி கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போகிறாய். நீ அனுப்பிய திட்டத்தில் பார்க்கவேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பது மட்டும் இல்லை. ஆட்கள் தூங்குகிற வண்டியை ஓட்டுகிறவன் முதலில் எழுதவேண்டியது அதைத்தான்.

மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கீழ்மலையில் யானை நடமாட்டம் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன்னோடு வருகிறவர்களுக்கு அது தெரியாது. வழியில் மலைவாழைத் தாரைக் கண்டால் வாங்கிப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். யானைக்கு அந்த வாசம் போதும். ஐந்து மணிக்குள் குடியிருப்புக்குள் வந்து, தெரிந்தவர் வீட்டுக் களத்தில் கேட்டு நிறுத்து. வளைவில் காட்சி அழகாக இருக்கிறது என்று யார் கெஞ்சினாலும் காட்டோரம் தங்காதே.

கொடைக்கானல் வேறு கணக்கு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஜிம்கானா பக்கம் விடியற்காலையில் புல் முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஏரியோரத்துச் சமதளத்தைவிடச் சரிவின் நடுவில் கிடைக்கும் இடமே மேல். நாலு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து போர்வை நனையும். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வை. குளிர் தாங்கவில்லை என்று உள்ளே கரியடுப்பு மூட்டக் கேட்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடு. 2024-இல் கொடைக்கானலில் கரியடுப்பை அணைக்காமல் அறையில் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. அறையிலேயே அந்தக் கதி என்றால், உன் வண்டி எத்தனை சின்னது!

கொடைக்கானலுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, மறந்துவிடாதே. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீளும். 2018 நவம்பரில் கஜா புயல் மலைச்சாலைகளில் மரங்களைச் சாய்த்துப்போட்டதை நீயே பார்த்திருப்பாய். ஒரு நாளுக்கான சாப்பாடும் தண்ணீரும் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்தது கழிவுநீர். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஓடையோரம் குழாயைத் திறந்துவிட்டுப் போகிற வண்டிகள் இருக்கின்றன. குடகனாறு நம் மலையில்தான் பிறக்கிறது. ஆத்தூர் காமராசர் அணையில் அது சேர்ந்து திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீராகப் போகிறது. தொட்டியை எங்கே காலி செய்வாய் என்பதையும் ராத்திரி இடத்தோடு சேர்த்தே எழுது. செப்டிக் டேங்க் உள்ள விடுதியில் பேசிக் காசு கொடுத்துவிடு.

அடிவாரத்துத் தருமத்துப்பட்டிக்கு இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை நம்பி நியூட்ரலில் உருட்டாதே. மேலே ஏறி வரும் வண்டிக்கு நீதான் ஒதுங்கவேண்டும். காப்பி அறுவடைக் காலம் என்பதால் பிக்கப் வண்டிகள் நிறைய வரும்.

தாண்டிக்குடியில் எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் களத்தில் இடம் தருவார். ஆனால் மார்கழியில் அங்கே காப்பிப் பழம் காயும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வண்டி திரும்ப இடமிருக்காது. எந்தெந்தத் தேதி என்று இந்த வாரமே சொல், பேசிவைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்