கடல் கடந்த தூது

நுழையும்முன்

ஓர் அரசின் சார்பில் அயல்நாடு செல்வோரின் சொல்லும் செயலும் அந்நாட்டின் சொல்லாகவும் செயலாகவுமே கொள்ளப்படும். தூதின் இன்றியமையாமை உணர்ந்தே வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அத்தகைய பயணத்திற்கு எத்துணை ஆயத்தம் வேண்டும் என்பதைச் சோழர் சீனத்திற்கு விடுத்த தூதுகள் உணர்த்துகின்றன.

1150 நாள் பயணம்

முதலாம் இராசராசன் விடுத்த தூதுக்குழு, 1015ஆம் ஆண்டு சீனத்தின் சோங் பேரரசவையை அடைந்தது. முதன்மைத் தூதர், துணைத் தூதர், காவல் அலுவலர் எனப் பொறுப்புகள் பகுக்கப்பட்டிருந்தன. மன்னனின் திருமுகத்துடன் முத்துகள், யானைத் தந்தம், நறும்பொருள்கள் ஆகியவற்றையும் அவர்கள் கொண்டு சென்றனர். ஈழக் கடலையும் ஸ்ரீவிசய நாட்டையும் கடந்து, பருவக்காற்றை எதிர்நோக்கித் துறைமுகங்களில் தங்கித் தங்கிச் சென்ற அப்பயணம் 1150 நாள் நீடித்ததாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. திருமுகம் பேரரசரிடம் சேர்ந்தபோது, அதனை விடுத்த இராசராசன் உயிருடன் இல்லை. சோழ அரியணையில் அவன் மகன் இராசேந்திரன் வீற்றிருந்தான்.

இடரும் இன்பமும்

1020இல் சென்ற தூதர் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்த நிலையில் நோயுற்று இறந்தார். 1033இல் சென்ற தூதரோ, முன்னர்ப் பன்முறை புறப்பட்டும் புயலால் கலம் உடைந்து வர இயலாமற்போனதை எடுத்துரைத்தார். பின்னர் அரியணையின் அடியில் முத்துகளைத் தூவித் தம் மன்னனின் மதிப்பைப் புலப்படுத்தினார். 1077இல் சென்ற குழுவினருக்குக் கைம்மாறாக 81,800 சரம் செப்புக்காசுகள் வழங்கப்பட்டன. தூதும் வணிகமும் இணைந்தே சென்றன என்பதற்கு இது சான்றாகும்.

மதிப்பும் மரபுநெறியும்

1025இல் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிசயத்தை வென்றது. எனினும், 1106இல் பாகன் நாட்டுத் தூதரை வரவேற்கும் முறையை ஆராய்ந்த சீன அலுவலர்கள், சோழநாட்டை ஸ்ரீவிசயத்திற்கு அடங்கிய நாடு என்றே குறித்தனர். அதனால்தான் சோழ மன்னனுக்கு எளிய உறையிலிட்ட மடல் போதுமெனக் கருதப்பட்டது என்றும் கூறினர். இடைவழி நாட்டினர் தந்த தவறான செய்தியே இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர் சிலர். வென்ற நாடு தோற்ற நாட்டிற்குக் கீழாக எண்ணப்பட்டது! படைவலிமை ஈட்டித் தந்த பெருமையையும் பிழைபட்ட அறிமுகம் குறைத்துவிடும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

இன்றைய நடைமுறை

இன்று மாநில அமைச்சர் ஒருவர் அரசுமுறைப் பயணம் மேற்கொள்ள, ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதல் வேண்டும். அயல்நாட்டார் செலவை ஏற்பின் உள்துறை அமைச்சகத்தின் இசைவும் தேவை. அரசுப் பணியாய்ச் செல்லும் அலுவலர்க்கு வெண்ணிற அட்டையிட்ட கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. சந்திப்பு, தங்குமிடம், வரவேற்பு ஆகியவற்றை அங்குள்ள இந்தியத் தூதரகம் ஒருங்கிணைக்கிறது. கலம் வானூர்தியாயிற்று, திருமுகம் மின்னஞ்சலாயிற்று. செல்பவர் யார், எவர் சார்பில் செல்கிறார் என்பதை ஐயமின்றி அறிவிக்கும் கடமை மட்டும் மாறவில்லை.

கற்பவை கற்றபின்...

1. சோழநாட்டைப் பற்றிய சீன அலுவலர்களின் கருத்து பிழைபட்டதன் காரணத்தையும் விளைவையும் விளக்குக.
2. உங்கள் பள்ளி மாணவர் குழு அயல்நாடு செல்வதாகக் கொண்டு, குழுவை அறிமுகப்படுத்தும் மடல் ஒன்று வரைக.