ஐப்பசிக்குள் பரணை ஒழியுங்கள்: மழைக்கு முன் வீட்டைச் சீராக்க ஓர் அட்டவணை

வடகிழக்குப் பருவமழை தமிழகக் கரையில் வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. ஓராண்டில் மாநிலம் பெறும் மழையில் ஏறத்தாழ பாதி, சராசரியாக 44 சென்டிமீட்டர், டிசம்பர் முடிவதற்குள் கொட்டிவிடும். சில இடங்களுக்கு அந்தச் சராசரி பொருந்துவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திலேயே சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது.

வீட்டை ஒழிப்பது என்றால் நமக்குப் போகிதான் நினைவுக்கு வரும். ஆனால் போகி வருவது மழையெல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் அட்டைப்பெட்டி நமுத்து, காகிதம் பூத்து, மாடியில் கிடந்த டயரில் கொசு வளர்ந்து, சேதம் நடந்து முடிந்திருக்கும். வேண்டாததைக் கழிக்கச் சரியான மாதம் புரட்டாசி. வெயில் இன்னும் இருக்கிறது, விடுமுறைகள் வரிசையாக வருகின்றன, நவராத்திரியை ஒட்டிப் பல வீடுகளில் பரண் எப்படியும் திறக்கப்படுகிறது. கீழே உள்ள வரிசையில் போனால், ஒரே நாளில் வீட்டைத் தலைகீழாக்காமல் தீபாவளிக்குள் வேலை முடிந்துவிடும்.

முதல் வேலை: மொட்டை மாடியும் கொல்லைப்புறமும்

வீட்டுக்குள் கை வைப்பதற்கு முன் மாடிக்கு ஏறுங்கள். உடைந்த வாளி, காலி பெயின்ட் டப்பா, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், பழைய சிண்டெக்ஸ் மூடி, செடி செத்துப்போன தொட்டி என்று எதையெல்லாம் “பிறகு பார்க்கலாம்” என்று ஏற்றினோமோ, அதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இவற்றை முதலில் அகற்ற இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. டயர், தேங்காய்ச் சிரட்டை, தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் தீராது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வேண்டாத பாத்திரத்தைக் கழியுங்கள். வேண்டியதை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

இரண்டாவது காரணம் வடிகால். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைப் பெரும்பாலும் இந்தச் சாமான்களும் சருகும்தான் அடைத்திருக்கும். அடைத்தால் தண்ணீர் தளத்தில் நிற்கும், நின்றால் கூரை ஓதம் காக்கும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழியும் குழாயும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் குழியின் மேல் இப்போது என்ன அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ளதை அகற்றி, சல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவித் திரும்பப் போடுங்கள்.

கொல்லையில் செங்கல், விறகு, ஓலைக் குவியலைக் கலைக்கும்போது வெறுங்கை வேண்டாம். முதலில் கழியால் தட்டுங்கள். தேளும் பாம்பும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். மிஞ்சிய செங்கல் அடுத்த தெருவில் வேலை நடக்கும் வீட்டுக்குப் பயன்படலாம். கேட்டால் வந்து எடுத்துப்போவார்கள்.

நவராத்திரியில்: பரண்

கொலுப் பெட்டிகள் இறங்கும் நாளில் பரண் பாதி காலியாகிறது. பொம்மைகள் படியில் இருக்கும் ஒன்பது நாளும் மீதிப் பாதியைப் பார்க்கக் கிடைத்த அவகாசம். கொலு வைக்காத வீட்டார் காந்தி ஜெயந்தி விடுமுறையை இதற்கு ஒதுக்கலாம்.

எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். மேலேயே நின்றுகொண்டு தள்ளித் தள்ளி அடுக்கினால் எதுவும் வெளியே போகாது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். எலிப் புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். காலியானதும் பரணின் கூரையைத் தடவிப் பாருங்கள். ஓதமோ உப்புப் பூத்த வெள்ளைத் தடமோ இருந்தால் மழைக்கு முன் கொத்தனாரை அழைக்க வேண்டும்.

பிறகு தீர்ப்பு. பரணில் இருக்கத் தகுதியுள்ளவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நிச்சயம் இறங்குபவை மட்டும்: கொலுப் பொம்மை, பொங்கல் பித்தளைப் பானை, பயணப் பெட்டி, விருந்தினர் மெத்தை. இரண்டு ஆண்டுகளாக இறங்காத பொருளுக்கு மேலே இடமில்லை.

பரணை அடைக்கும் முதல் குற்றவாளி வெற்று அட்டைப்பெட்டி. டிவி வாங்கிய பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, அதற்குள் தெர்மாகோல். வாரண்டிக்குப் பொதுவாகக் கேட்பது பில்லும் வாரண்டி அட்டையும்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்ததும் பெட்டியைக் கழிக்கலாம். அட்டைக்குக் கரையான் வரும், கரப்பான் வரும், ஓதத்தையும் அதுதான் முதலில் உறிஞ்சும். களிமண், காகிதக்கூழ் பொம்மைகளைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் உள்ளே இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் அடுத்த ஆண்டு தேடல் மிச்சம். மேலே ஒட்டினால் கீழிருந்து படிக்க முடியாது.

சரஸ்வதி பூஜையை ஒட்டி: புத்தகம், காகிதம், கருவி

பூஜைக்கு அடுக்கிய புத்தகத்தை மறுநாள் திரும்ப வைக்கும்போதே பிரித்துவிடுங்கள். பிள்ளைகளின் போன வருடப் பாடநூலும் கைடும் இனி வீட்டுக்கு வேண்டாம், கீழ் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டும். கதைப் புத்தகங்களைக் கிளை நூலகத்துக்குக் கொடுப்பதானால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். வைத்துக்கொள்ளும் புத்தகங்களை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் குளிர்ந்து வியர்க்கும்.

காகிதத்தில் கறாராக இருங்கள். கட்டி முடித்த பழைய கரண்ட் பில், காலாவதியான காப்பீட்டு விளம்பரக் கடிதம், கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாம் எடைக்குப் போகலாம். வங்கிக் கணக்கு எண் உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, பிறப்புச் சான்று, மதிப்பெண் சான்று, குடும்ப அட்டை, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை தண்ணீர் புகாத ஜிப் கவரில், ஒரே பையில், மேல்தட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்கி, அந்தந்தத் துறை நேரடியாக வழங்கும் ஆவணத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு அசலின் மதிப்பு உண்டு. நீங்களே படமெடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது, ஆனாலும் எண்ணையும் தேதியையும் பார்க்க உதவும்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைக்கும்போது ஓடாதவற்றைத் தனியே எடுங்கள். பழுது பார்க்கத் தீபாவளி வரை கெடு வையுங்கள். அதற்குள் கடைக்குப் போகாத மிக்ஸி இனி எப்போதும் போகாது.

தீபாவளித் துணி எடுக்கும் முன்: பீரோ

புதுத்துணி வருவதற்கு முன் இடம் காலியாக வேண்டும். வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை உருப்படி எடுக்கப்போகிறோமோ, குறைந்தது அத்தனை உருப்படி முன்பே வெளியேறட்டும். ஓராண்டாக உடுத்தாதது, பிள்ளைக்குச் சிறிதாகிப்போனது, “இளைத்தால் போடலாம்” என்று வைத்திருப்பது என்ற வரிசையில் பாருங்கள்.

பட்டுப் புடவையை நேர் வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். பழைய மடிப்பிலேயே மடித்தால் அந்தக் கோட்டில் இற்றுப்போகும், மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டு வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். நாப்தலீன் உருண்டை சரிகையில் படக்கூடாது. கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும். மெத்தை, தலையணை, போர்வைகளை இப்போதைய வெயிலில் ஒரு முழு நாள் போட்டெடுங்கள்.

கொடுக்கும் துணி துவைத்து, பொத்தான் இருந்து, நீங்களே உடுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் வண்டி வண்டியாக வந்த கந்தல் துணி நம் கடலோரச் சாலைகளில் கேட்பாரற்றுக் கிடந்தது. கந்தலைக் கரித்துணியாகவும் மிதியடியாகவும் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பலகாரம் சுடும் முன்: சமையலறை

எல்லா டப்பாக்களையும் தரையில் பரப்பி மூடியோடு ஜோடி சேருங்கள். மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் அன்றே வெளியேற வேண்டும். ஹோட்டல் பார்சல் டப்பாக்களில் பத்துக்கு மேல் எந்த வீட்டுக்கும் தேவைப்படாது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்கள் வேறு வரிசையில் நிற்கின்றன.

மழை மாதங்களில் பருப்பும் மாவும் குறைந்த அளவே வாங்குங்கள். இருப்பதை வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, இறுக மூடுங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். அதன் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிரிட்ஜின் பின்புறத் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். மருந்து டப்பாவில் காலாவதியானதைப் பிரித்து, ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துத் தனிப் பையில் கட்டுங்கள். கழிப்பறையிலோ சிங்கிலோ கொட்டாதீர்கள்.

கடைசி வேலை: தரை

முதல் புயல் எச்சரிக்கைக்கு முன் தரையில் இருப்பவை மேலேற வேண்டும். முன்பு தண்ணீர் புகுந்த வீடானால் எதுவரை வந்தது என்று வீட்டாருக்குத் தெரியும். அதற்கு ஓரடி மேலே தொடங்கட்டும் உங்கள் அலமாரியின் முக்கியத் தட்டு. கீழறையில் எவர்சில்வர் பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் போன்று நனைந்தால் கெடாதவை இருக்கலாம். அரிசி மூட்டைக்குப் பலகையும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு உயரமான ஸ்டாண்டும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் எதுவும் வேண்டாம்.

காலியான ஒரு தட்டில் மழைப் பை ஒன்று வையுங்கள்: டார்ச், பவர் பேங்க், மெழுகுவத்தி, நனையாத டப்பாவில் தீப்பெட்டி, ஒரு வாரத்துக்கான மருந்து, அந்த ஆவணப் பை. அது இருக்கும் இடம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கழித்ததை எங்கே சேர்ப்பது

பேப்பரையும் அட்டையையும் மழைக்கு முன்பே பழைய பேப்பர் கடையில் போடுங்கள், நனைந்ததை வாங்கமாட்டார்கள். இரும்பு, பித்தளை காயலான் கடைக்கு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். செல்போன், சார்ஜர், கணினியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும். போனில் உள்ளதை அழித்து, சிம்மை எடுத்துவிட்டுக் கொடுங்கள். உப்பிய போன் பேட்டரியைக் குத்தவோ குப்பையில் வீசவோ கூடாது, தீப்பிடிக்கும். உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, “கண்ணாடி” என்று எழுதி, பல்பு, மருந்தோடு தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். அவர் கைதான் அந்தப் பைக்குள் போகப்போகிறது.

போகிக்குக் கொளுத்தலாம் என்று டயரையும் பாயையும் எடுத்து வைக்க வேண்டாம். மூன்று மாதம் அது கொசுவுக்கும் எலிக்கும் வீடாகும், கடைசியில் ஊருக்கே புகையாகும்.

செய்யக் கூடாதவை

முதலில் கடைக்குப் போய் அழகான பெட்டிகளையும் ரேக்கையும் வாங்காதீர்கள். கழித்து முடிந்ததும் எத்தனை வேண்டும் என்று தெரியும், பெரும்பாலும் வேண்டியிருக்காது. அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் கழிக்காதீர்கள். பாட்டியின் தூக்குச்சட்டியை எடைக்குப் போட்டுவிட்டுக் குறை கேட்பதைவிட, எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்க முடியாத பொருள்களை ஒரே பெட்டியில் போட்டுத் தேதி எழுதுங்கள். பொங்கல் வரை யாரும் தேடாவிட்டால் பெட்டியோடு போகட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், ஒரு சாக்குப்பையோடு மொட்டை மாடிக்குப் போங்கள். பை நிறைந்தால் கீழே இறங்கி, அன்றே அதை அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் வரிசையாக நடக்கும்.